அறிமுக வகுப்புக்குக் கட்டணம்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகள் தொடங்கும் காலத்தில் திருகோணமலையில் 'முதல் வகுப்பு இலவசம்' என்ற பதாகைகளுக்குக் குறைவில்லை. மண்டபம் நிரம்பும், பாடம் நடக்காது. பழைய பெறுபேறுகளைச் சொல்லியே நேரம் போய்விடும். மூதூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு அதுவும் செலவுதான்.

சக வகுப்பாசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: அறிமுக வகுப்பை இலவசமாக்காமல், மாதம் நான்கு வகுப்பென்றால் மாதக் கட்டணத்தில் காற்பங்கை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். சேர்ந்தால் முதல் மாதத்தில் கழியுங்கள். பதிலுக்கு 20 நிமிடச் சிறு பரீட்சை வையுங்கள். இணைந்த கணிதப் பாடமென்றால் இரண்டு கணக்குப் போதும். எந்தப் படியில் பிழைத்ததென்று விடைத்தாளிலேயே குறித்து அன்றே கையில் கொடுங்கள். பெற்றோர் தீர்மானிக்க அந்தத் தாள் உதவும். முழு மாதப் பணத்தையும் முதல்நாளே வாங்கிவிட்டுத் திருப்பித்தர மறுப்பது அநியாயம். வசதியில்லாத பிள்ளைகளிடம் காற்பங்கும் வேண்டாம்.

தனியார் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.