ஆண் கினிப்பன்றிக்கும் துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுப் பிராணிகள் கட்டுரையைப் படித்தேன். கூண்டு சுத்தம் பற்றியும் தீனி பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால், ஆண் கினிப்பன்றிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அதனால் தனியாக வளர்ப்பதே நல்லது, வேண்டுமானால் துணைக்கு ஒரு முயலை விடலாம் என்று அதில் இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் ஆண் குட்டிகளைத் தனிக் கூண்டில் போட்டிருப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

நான் வில்லிவாக்கத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மிஷினுக்குப் பக்கத்திலேயே என் கினிப்பன்றிகளின் கூண்டு. தவிடன், குண்டுமணி, இரண்டுமே ஆண்தான். மிஷின் எவ்வளவு சத்தம் போட்டாலும் அசையாமல் படுத்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் போதும், கொத்தமல்லி வருகிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி இருவரும் கத்துவார்கள்.

கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தது. அதன் காட்டு உறவினங்கள் கூட்டமாக வாழ்பவை. தனியாக விட்டால் இது ஏங்கிப்போகும், சரியாகத் தின்னாது, மூலையிலேயே கிடக்கும். சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று 2008-லிருந்து சட்டமே இருக்கிறது. ஆணுக்கு விலக்கு எதுவும் கிடையாது.

முயல் இதற்குத் துணையாகாது. முயல் பின்னங்காலால் ஓர் உதை விட்டால் கினிப்பன்றியின் எலும்பு உடைந்துவிடும். முயலுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் அதன் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி, கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். தீனியும் வேறு. வைட்டமின் சி-யை முயலின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியால் அது முடியாது, நம்மைப் போலவே தினமும் தின்றுதான் பெற வேண்டும். நான் குடைமிளகாய் நறுக்கிப் போடுகிறேன், நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் ஒரு சின்னத் துண்டு.

ஆண்கள் சண்டை போடுவது உண்மைதான். ஆனால் காரணம் இல்லாமல் போடுவதில்லை. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும்வரை விடலைப் பருவம், அப்போது முறுக்கிக்கொண்டு திரிவார்கள். பக்கத்துக் கூண்டில் பெண் இருந்தால், அந்த வாசனையே போதும், கூடவே வளர்ந்த அண்ணன் தம்பிக்குள்ளும் பகை வந்துவிடும். மூன்று ஆணை ஒன்றாக விட்டால் பெரும்பாலும் ஒருவன் அடிபடுவான். இரண்டு ஆண்தான் சரியான கணக்கு. இடம் தாராளமாக வேண்டும், ஐந்தடிக்கு இரண்டரை அடியாவது. தண்ணீர் பாட்டில் இரண்டு, புல் வைக்கும் இடம் இரண்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கு வாசலும் இரண்டு. ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டவன் கடித்துத்தான் வெளியே வருவான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், குணப்பொருத்தம். அதட்டுபவன் ஒருவன், அடங்கிப்போகிறவன் ஒருவன் என்றால் நிலைக்கும். வளர்ந்த ஆணோடு சின்னக் குட்டியைச் சேர்ப்பது பெரும்பாலும் எளிது.

தவிடனின் பழைய துணை இறந்த பிறகு குண்டுமணி வந்தது அப்படித்தான். கொளத்தூரில் ஒரு வீட்டில் தனியாக இருந்த குட்டி. சொறி, சளி இருக்கிறதா என்று பார்க்க முதல் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்திருந்தேன். அப்புறம், இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத இடமாக இருக்கட்டும் என்று கூடத்தில் பழைய போர்வையை விரித்து, நடுவில் அருகம்புல்லைக் குவித்து, இருவரையும் விட்டேன். கையில் முறம். கடித்துப் புரண்டால் நடுவில் நுழைக்க அதுதான் வசதி, கையை விட்டால் விரலில் ரத்தம் வரும். தவிடன் இடுப்பை ஆட்டிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே குர்ரென்று உறுமியபடி குட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேலே ஏறினான். குட்டி கீச்சென்று கத்திவிட்டு ஓடினான், திரும்பி வந்தான், மூக்கைத் தூக்கிப் பார்த்தான், பிறகு தாழ்த்திக்கொண்டான். பார்க்கிறவர்களுக்குப் பதறும், ஆனால் யார் பெரியவன் என்று முடிவாக இவ்வளவும் நடந்தாக வேண்டும், நடுவில் பிரித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பல்லை டகடகவென்று நறநறத்து, முடி சிலிர்த்து, எதிரெதிராக நின்றால்தான் முறத்துக்கு வேலை. ரத்தம் வந்தால் அந்த ஜோடி வேண்டாம், வேறு துணை தேட வேண்டும். இவர்கள் விஷயத்தில், சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரே புல்லின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் மென்றுகொண்டிருந்தார்கள்.

சென்னையில் ஒற்றை ஆண்கள் இவ்வளவு பேர் எப்படி வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல கடைகளில் ஆணா பெண்ணா என்று பார்க்காமலே 'ஜோடி' என்று விற்கிறார்கள். இரண்டு மாதம் போனால் வீட்டில் குட்டிகள். குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினையாகிவிடும் என்பதையோ, ஆண் குட்டியை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பதையோ யாரும் சொல்வதில்லை. பிறகு பயந்துபோய் ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படித்தான் அம்பத்தூரில் ஒன்று, அடையாறில் ஒன்று என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. விற்கும்போது ஆண், பெண் என்று ரசீதில் எழுதித் தரவும் கட்டாயப்படுத்தலாமே.

கருத்தடை செய்த ஆணைப் பெண்களோடு விடுவது இன்னொரு வழி. நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் பொறுத்துத்தான் சேர்க்க வேண்டும், அதுவரை சினையாக்கும் வாய்ப்பு உண்டு. சின்னப் பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆணோடு ஆணைச் சேர்க்கக் கருத்தடை தேவையில்லை, அதனால் சண்டைக்குணம் மாறும் என்றும் நம்ப வேண்டாம்.

கால்நடை மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றை ஆண் வைத்திருப்பவர்கள் பெயரும் ஏரியாவும் எழுதிவைக்க, காத்திருக்கும் இடத்தில் ஒரு பலகை மாட்டுங்கள். கடைக்காரர்களும், வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து பொருத்தம் பார்த்து வாங்கிக்கொள்ள அனுமதியுங்கள். ஒத்துவராவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக் கொடுங்கள். உங்கள் இணைப்பில் முயல் பற்றி வந்த வரியையும் அடுத்த வாரமே திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை - 49