டிசம்பர் மாதத்து வெள்ளம் மட்டுமல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்டிறுதி மழை நெருங்கினால்தான் சிங்கப்பூரில் பல கட்டடங்களில், வாசலில் மாட்டித் தண்ணீரைத் தடுக்கும் வெள்ளத் தடுப்புப் பலகைகளை வெளியே எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். 1969, 1978 வெள்ளங்கள் பழக்கிவிட்ட வழக்கம் இது. இரண்டும் டிசம்பரில் வந்தவை. 1978இல் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டி ஏழு பேர் இறந்தார்கள். அதன்பின் கால்வாய்களை அகலமாக்கினோம், பள்ளமான இடங்களை மேடாக்கினோம். நல்ல வேலைதான்.

ஆனால் ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியது 2010 ஜூன் 16இல். டனர்ன் ரோட்டில் கால்வாய் பொங்கியது 2021 ஏப்ரல் 17. பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பக்கம் சாலைச் சந்திப்பு வெள்ளக்காடானது அதே ஆண்டு ஆகஸ்ட் 24. சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ அடிக்கும். சாலையில் நீர் ஏற அரைமணி நேரமே போதும். அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பவர் இரவுப் பணிக் காவலர்தான். பலகை மாட்டும் பயிற்சிக்கோ பகல் பணியாளர்களைத்தான் அழைக்கிறார்கள்!

பலகை தோற்பதும் சின்ன விஷயத்தில்தான். அலுமினியப் பலகையின் அடியில் உள்ள ரப்பர் பட்டை வெயிலில் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டுப் பள்ளத்தில் மண் அடைந்திருக்கும். வாசலில் புது ஓடு பதித்ததில் தரை சில மில்லிமீட்டர் மாறியிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் பீறிடும். இதைவிட மோசம், பலகையை இரண்டாம் கீழ்த்தளத்தில் பூட்டி வைத்து, சாவியை மேலாளர் வீட்டுக்குக் கொண்டுபோவது.

கீழ்த்தளப் பம்பிலும் கண் வேண்டும். நீர்மட்டம் ஏறியதும் பம்பை இயக்கும் மிதவைச் சுவிட்சில் குப்பை சிக்கினால் பம்பு ஓடாது. வெளியேற்றும் குழாயில், நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழி அடைப்பான் பழுதானால், நிரம்பிய வடிகால் நீர் உள்ளேயே திரும்பும். இரண்டு பம்புகளுக்கும் ஒரே மின்பலகை, அதுவும் கீழ்த்தளத்திலேயே என்றால் இரண்டாவது பம்பு வெறும் அலங்காரம்.

எனவே கட்டட நிர்வாகங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவுப் பணியாளரையே பலகையை மாட்டச் சொல்லி, எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். மாட்டிய பின் வெளிப்புறம் தண்ணீர் அடித்துக் கசிவைச் சோதிக்கலாம். பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆளைக் கடிந்துகொள்வதைவிடப் பலகையை வாசலுக்கு அருகில் மாற்றி வைப்பது மேல்.

வடிகால் பொறியாளர் ஒருவர்,
பொத்தோங் பாசிர்