கிட்டப்பார்வைச் சிகிச்சையும் இரவுப் பார்வையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்ணாடி அணியும் தேவையைப் போக்கும் லேசர் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் 6/6, அதாவது இயல்பான பார்வை பெறுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்த அளவு, நல்ல வெளிச்சத்தில் வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்பதை மட்டுமே காட்டும். மங்கலான ஒளியில், மூடுபனியில், எதிர்விளக்கு கண்ணில் அடிக்கும்போது எவ்வளவு தெரிகிறது என்பதைக் காட்டாது. சேலத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்தும் தொழிலில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து காப்பியும் மிளகும் ஏற்றி வரும் வேன் ஓட்டுநர் ஒருவர், அதிக பவருக்கு லாசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்ட பிறகு என்னிடம் வந்தார். பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். ஆனால் இருட்டிய பின் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் திரும்பினால், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் பரவி ஓரத்துத் தடுப்புச் சுவரே தெரியவில்லை என்றார். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை அப்படி 20 வளைவுகள் இருக்கின்றன.

லாசிக்கில் கருவிழியின் (கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் ஒளிபுகும் படலத்தின்) நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள். முழுத் திருத்தம் கிடைக்கும் பகுதியின் விட்டம் பொதுவாக 6 முதல் 6.5 மில்லிமீட்டர்தான். இளம் வயதினருக்கு இருட்டில் கண்மணி (ஒளி உள்ளே நுழையும் நடுத்துளை) 7 மில்லிமீட்டருக்கு மேலும் விரியக்கூடும். அப்போது திருத்தப்படாத ஓரத்தின் வழியாகவும் ஒளி நுழைந்து சிதறுகிறது. பவர் கூடக்கூட வளைவு மாற்றமும் கூடுவதால் இத்தொல்லையும் கூடலாம். பலருக்குச் சில மாதங்களில் இது குறைகிறது என்பதையும், இன்றைய லேசர் கருவிகள் முன்னைவிட மேம்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சையின்போது வெட்டப்பட்ட கருவிழி நரம்புகள் மீளும்வரை கண் வறண்டு பார்வை விட்டுவிட்டு மங்குவதும் உண்டு.

கண்ணாடிக்கும் குறைகள் உள்ளன. மைனஸ் 6 பவர் கண்ணாடி, காண்பதை ஏறத்தாழ 7 சதவீதம் சிறிதாக்கிக் காட்டும். ஓரத்தால் பார்த்தால் உருவம் வளையும், பாலிகார்பனேட் லென்ஸில் டியூப்லைட்டின் விளிம்பில் நீலமும் மஞ்சளும் கசியும். கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டி நகர்வதால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் இல்லை. கருவிழியின் வளைவு சீரற்றிருப்பவர்களுக்கு, சாஃப்ட் லென்ஸைவிடக் காற்றுப் புகும் கெட்டி லென்ஸ் தெளிவான பார்வை தருகிறது. பழகச் சில வாரம் உறுத்தும் என்பதால்தான் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். மிக அதிக பவர் உள்ளவர்களுக்கு, கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். முறையில் மங்கலான ஒளியிலும் பார்வை நன்றாக இருப்பதுண்டு. செலவு அதிகம், அதற்கும் ஒளிவட்டம் வரலாம்.

லேசர் சிகிச்சை வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. இருட்டில் கண்மணியின் அளவு, மங்கலான எழுத்துகளைப் பிரித்தறியும் திறன், கண்ணீர்ப் பரிசோதனை ஆகியவற்றை முன்கூட்டியே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றே சொல்கிறேன். மருத்துவர்களும், "இரவில் வண்டி ஓட்டுகிறீர்களா? மலைப்பாதையிலா?" என்று கேட்ட பிறகே எந்த முறை என்று முடிவு செய்ய வேண்டும். இவை குறித்துக் கண் மருத்துவர் ஒருவரிடம் விளக்கம் பெற்று, தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.