பாத்துக்கிறவங்களுக்கும் ஒரு மாத்து ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் உதவித் திட்டங்கள் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா வீட்ல கூடவே இருந்து பாத்துக்கிறவங்களப் பத்தி அதுல ஒண்ணும் வர்றதில்ல, அதுக்காகத்தான் எழுதுறேன்.

படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா இடுப்புலயும் குதிகால்லயும் செவந்து புண்ணாயிடும். ராத்திரியும் எந்திரிக்கணும். எங்க மாமியாருக்கு நான்தான் பண்றேன், அசந்து தூங்கறதுங்கறதே கிடையாது. அக்குள்ல கை குடுத்து தூக்கினா அவங்க தோளும் போகும் நம்ம இடுப்பும் போகும், அடியில துணிய மடிச்சுப் போட்டு ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் புடிச்சு மேல ஏத்தணும். டிஸ்சார்ஜ் பண்றப்போ மாத்திரை சீட்டு குடுக்கறாங்க, இத யாரும் காட்டித் தர்றதில்ல. ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தா போதுங்க.

ஜெர்மனில 1995ல பராமரிப்புக் காப்பீடு, அதாவது முடியாம போனவங்கள பாத்துக்கிற செலவுக்கான காப்பீடு கொண்டு வந்தாங்க, வேலைய விட்டுட்டு வீட்ல பாத்துக்கிறவங்களுக்கு தகுதி இருந்தா பென்ஷன் சந்தாவ அதுலேர்ந்தே கட்டுறாங்க. ஜப்பான்ல 2000லேர்ந்து இதே மாதிரி காப்பீட்டுக்கு 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க எல்லாரும் பிரீமியம் கட்டுறாங்க, அந்த காப்பீட்டுல காலைல வேன் வந்து பெரியவங்கள கூட்டிட்டுப் போய் குளிப்பாட்டி சாப்பிட வச்சு சாயங்காலம் கொண்டு வந்து விடுற ஏற்பாடு இருக்கு, சில நாள் தங்க வைக்கவும் எடம் உண்டு. அந்தப் பகல் பொழுது வீட்ல இருக்கறவங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு பாத்துக்கிறவங்களுக்குத்தான் தெரியும்!

எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே எதிர்பாக்க வேண்டாம். அக்கம்பக்கத்து சங்கங்கள், தன்னார்வலர்கள் வாரத்துல ஒரு மத்தியானம் வந்து பக்கத்துல உக்காந்தாலே பெரிய உதவி. ஆனா மறதி நோய் உள்ளவங்க புது முகத்தப் பாத்தா பயந்துடுவாங்க, அதனால கொஞ்சம் பயிற்சி குடுத்து, ஆள மாத்தாம ஒருத்தரையே அனுப்பணும்.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்கறது இதுதான். முதியோருக்கான விண்ணப்பத்துல வயசு, வருமானம் கேக்கற மாதிரி, பாத்துக்கிறது யாரு, அவங்க உடம்பு எப்படி இருக்கு, மாத்து ஆள் உண்டான்னும் கேளுங்க. இல்லேன்னு எழுதினவங்க வீட்டுக்கு மொதல்ல ஆள் அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி