நாம் போட்ட 250 மீட்டர் வட்டம்

பெர்லின்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இந்த வருடமும் உன் மாணவர்களில் மூன்று குழுக்கள், வயர்லெஸ் நெட்வொர்க்கில் தகவல் போக வழி தேடும் ஏஓடிவி முறையில் புராஜெக்ட் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து நம் இறுதியாண்டு லேப்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

நெட்வொர்க்கைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் என்எஸ்-2-வில் 50 நோடுகளை, அதாவது தகவலை வாங்கி அனுப்பும் கருவிகளை, தூவிவிட்டு விடிய விடிய சிமுலேஷன் ஓட்டினோமே, அதில் ஒன்று இப்போது உறுத்துகிறது. இரண்டு நோடுகள் 250 மீட்டருக்குள் இருந்தால் பாக்கெட், அதாவது தகவல் துண்டு, போகும், தாண்டினால் போகாது. அந்த வட்டத்தை நாம் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

இங்கே ஃப்ரைஃபுங்க் என்று தன்னார்வலர்கள் நடத்தும் வயர்லெஸ் நெட்வொர்க் இருக்கிறது. மொட்டை மாடி, தேவாலயக் கோபுரம் என்று ரூட்டர் வைத்து ஊரை இணைக்கிறார்கள். நானும் பால்கனியில் ஒன்று வைத்தேன். தூரத்துக் கோபுரத்துக்கு நேராக ஒரே ஹாப், இடையில் நிற்காமல் ஒரே தாவல். ஆனால் பத்துக்கு நாலு பாக்கெட்தான் சேர்கிறது. திரும்பி வருவதும் அப்படியே. ஒரு பாக்கெட் போய், சேர்ந்ததற்கான பதிலும் வர, சராசரியாக ஆறு தடவைக்கு மேல் அனுப்ப வேண்டும். எதிர்வீட்டுக் கூரை வழியாகப் போனால் இரண்டு ஹாப், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் பத்துக்கு ஒன்பது சேரும். மொத்தம் இரண்டரை தடவையில் வேலை முடிந்துவிடும். ஹாப்பை மட்டும் எண்ணும் ஏஓடிவி முதல் வழியைத்தான் பிடிக்கும். ஹாப் குறைந்தால் ஒவ்வொன்றும் நீளும், சிக்னல் தேய்கிற விளிம்பில்தான் போய் நிற்கும். 2003-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் இதை அளந்து, இப்படி எத்தனை தடவை அனுப்ப வேண்டும் என்று எண்ணும் ஈடிஎக்ஸ் என்ற கணக்கைத் தந்தார்கள். ஏஓடிவி ஆர்எஃப்சி 3561 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்ததும் அதே வருடம்தான்!

வழி தேடும் இன்னொரு முறையான ஓஎல்எஸ்ஆரில் ஒவ்வொரு ரூட்டரும் முழு நெட்வொர்க்கின் வரைபடத்தையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். 450 நோடுகள் ஆனபோது சின்ன ரூட்டருக்கு அதைப் போட்டு முடிக்கவே சில நொடிகள் பிடித்தன. அதற்கு மாற்றாக ஃப்ரைஃபுங்க் ஆட்கள் உருவாக்கியதுதான் பேட்மேன். ஒவ்வொரு நோடும் ‘நான் இருக்கிறேன்’ என்று விடாமல் குரல் கொடுக்கும். எந்தப் பக்கத்து நோடு வழியாக அந்தக் குரல் அதிகம் வந்து சேர்கிறதோ, அந்தப் பக்கம் அனுப்பினால் போதும். முழு வழி யாருக்கும் தெரிய வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் வழி கேட்டால், ‘ஆலமரம் வரைக்கும் போங்க, அங்க கேளுங்க’ என்பார்களே, அதேதான். 2011-லிருந்து பேட்மேன் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது.

ஏஓடிவியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தேவைப்படும்போது மட்டும் வழி கேட்பதும், சீக்வென்ஸ் நம்பரை (வரிசை எண்ணை) வைத்துப் பழைய தகவலைத் தள்ளுவதும் எனக்கு இன்றும் அழகான யோசனைகள். ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் பல்புகளுக்குள் அதன் வாரிசுதான் ஓடுகிறது.

உன் பிள்ளைகளிடம் நாலு பழைய ரூட்டரைக் கொடு. ஹாஸ்டல் மாடியிலிருந்து லேப் வரைக்கும் இரு பக்கமும் எத்தனை பாக்கெட் சேர்கிறது என்று ஒரு வாரம் எண்ணட்டும். மழை நாளில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. எண்களை எனக்கும் அனுப்பு. டிசம்பரில் வருகிறேன், அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
ரவி