பந்தைச் சுற்றின கறுப்பு டேப்

மக்ளே,

இந்தப் பார்சலில் ஒரு சாப்ட்பால் பந்து இருக்கு. வயித்தைச் சுத்தி ஒரே ஒரு கோடா கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கேன். எதுக்குன்னு பின்னால சொல்லுதேன்.

ராத்திரி நீ அழுதுகிட்டே போனை வச்ச பிறகு எனக்கு உறக்கம் வரல்லை. மேல எழும்பி வருத மாதிரி போடணும்னு நீ பழகுத ரைஸ் பால் ஏறவே மாட்டேங்குது, நேரா போய் அடி வாங்குதுன்னு சொன்னே. இன்னும் வேகமா சுழற்று, இன்னும் வேகமா சுழற்றுன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்கன்னும் சொன்னே. உன் வீடியோவை ஸ்லோ மோஷனில் இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்தேன். சுழற்சி உனக்குக் குறைவே இல்லை மக்ளே. பந்து எதைச் சுத்திச் சுழலுதோ, அந்த அச்சுதான் வேற பக்கம் பார்த்து நிக்குது.

நம்ம முப்பந்தலில் கரண்ட் எடுக்குத காத்தாடியை நினைச்சுக்கோ. ஆடி மாசக் காத்தில் இறக்கை எவ்வளவு வேகமா சுத்தினாலும் அதோட அச்சு காத்து வருத திசைக்கு நேராத்தான் நிக்கும். உன் பந்தும் அப்படித்தான் போகுது. அச்சு, எதிர்ல பந்தைப் பிடிக்குத கேட்சரைப் பார்த்து நீண்டு கிடக்கு, துப்பாக்கிக் குண்டு மாதிரி. புல்லட் ஸ்பின்னுன்னு சொல்லுதது இதைத்தான். அப்படிப் போனா பந்தோட மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் எதிர்க்காத்துக்கு ஒண்ணுபோலத்தான். பந்து காத்தை எந்தப் பக்கமும் தள்ளாது, காத்தும் பந்தைத் தள்ளாது. நீ சுற்றை இரட்டிச்சாலும் இதேதான்.

வண்டிச் சக்கரத்துக்கு அச்சு பாதைக்குக் குறுக்கே கிடக்கு இல்லியா, ரைஸ் பாலுக்கும் அப்படிக் கிடக்கணும். சக்கரம் முன்னால உருளுத மாதிரி சுழன்றா கீழே இறங்குத டிராப் பால். பின்னால உருளுத மாதிரி சுழன்றா ரைஸ் பால். பின்சுழலில் பந்து காத்தைக் கீழே திருப்பி விடும், காத்து பந்தை மேலே தாங்கும். மேக்னஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1850-களில் இதைச் சோதிச்சுப் பார்த்ததால அவர் பேராலேயே மேக்னஸ் விளைவுன்னு சொல்லுதாங்க.

ஒரு கணக்கும் போட்டேன். நீ வீசத் தொடங்குத இடத்தில இருந்து பேட்டர் பக்கம் வரைக்கும் பிட்ச் தூரம் 43 அடி, நீ பந்தை விடுதது தொடங்குத இடத்துக்கு ஒரு ஆள் உயரம் முன்னால. 90 கிலோமீட்டர் வேகம்னா பந்துக்குக் கிடைக்குதது அரை செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதுக்குள்ள பூமி அதை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இழுத்திரும். பின்சுழல் அந்த இழுப்பில் ஒரு பங்கைத்தான் மிச்சம் பிடிக்கும். நீ இடுப்புக்குக் கீழே இருந்து மேல்நோக்கி விடுத பந்து, பேட்டர் கணக்குப் பண்ணின அளவுக்கு இறங்காம வரும்போது அவ கண்ணுக்கு அது ஏறுதா தெரியும். மட்டை பந்துக்கு அடியில போயிரும். அதனால பந்து வானத்துக்கு வளையல்லையேன்னு நீ வருத்தப்படாதே.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் சாப்ட்பால் இறுதி ஆட்டத்தில் ஜப்பானோட உவேனோ பந்து போட்டதை என் போனில் சேர்ந்து பார்த்தோமே. "அது எப்படிப்பா மேல வருது?"ன்னு கேட்டே. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல்லை. அயனி மர மூட்டில் சாக்கை விரிச்சு உக்காந்து உனக்குக் கேட்சரா இருந்த நாளிலும் தெரியல்லை. இது அதுக்கான பதில்.

இனி விரல். வீடியோவில் உன் விரல் பந்தோட பக்கவாட்டைச் சுத்திப் போகுது, கதவுக் குமிழைத் திருகுத மாதிரி. அங்கேதான் புல்லட் பிறக்குது. விரல் பந்துக்கு அடியில நுழைஞ்சு முன்னால வெட்டிப் போகணும். முதல்ல பத்தடி தூரத்தில் நின்னு மெதுவா மணிக்கட்டால மட்டும் போட்டுப் பழகு. முழுக்கையையும் சுத்தி வீசுதது பிறகு.

டேப்புக் கோடு நெட்டா, கேட்சரைப் பார்த்து நிக்குத மாதிரி பந்தைப் பிடி. கேட்சர் முகமூடியைப் போட்டுக்கிட்டு கோட்டை மட்டும் பார்க்கட்டும். வந்து சேருத வரைக்கும் கோடு நெட்டுக்கு ஒரே வரியாத் தெரிஞ்சா அச்சு சரி. தள்ளாடினா அச்சு சாய்ஞ்சிருக்கு. காத்தாடி இறக்கை மாதிரி வட்டம் சுத்தினா பழைய புல்லட்தான்.

ஏத்தங்காய் சிப்ஸ் அம்மா கட்டி வச்சது, கூட இருக்க பிள்ளைகளுக்கும் கொடு. தோள் வலிக்குதான்னு அவ கேட்கச் சொன்னா. ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடுதேன்னு ஒளிக்காம எழுது. ஞாயிற்றுக்கிழமை வலைக்குப் பின்னால போனை வச்சு, கோடு தெரியுத மாதிரி வீடியோ எடுத்து அனுப்பு. நான் அன்னைக்கு லீவு போட்டிருக்கேன்.

அப்பா
ஆரல்வாய்மொழி