நாய்களோடு நடக்கும் மகனுக்கு, கணக்கைப் பற்றி

அன்பு மகனுக்கு,

"நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறதுக்கெல்லாமா வரிக்கணக்கு?" என்று போன வாரம் போனில் கேட்டாய். ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பி நீ எதையும் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நான் வேலை பார்க்கும் கணக்கு அலுவலகத்துக்கு பிளம்பர் வருவார், முடி திருத்துபவர் வருவார், இப்போதெல்லாம் உன்னைப் போல மற்றவர்களின் நாய்களைக் காசுக்கு நடக்கக் கூட்டிப்போகும் டாக் வாக்கர்களும் வருகிறார்கள். பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி-க்கு எல்லாரும் ஒன்றுதான், சுயதொழில் செய்பவர்கள். உன் தொழிலைக் கேட்டு உன் மாமா சிரித்ததைப் போல அவர்கள் சிரிக்கமாட்டார்கள். படிவம் அனுப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சம்பளத்தில் இருந்தவரை முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். கைக்கு வந்தது முழுக்க உன் பணம். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு வாரமும் உன் கணக்கில் விழும் பணத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது. கட்டும் நாள் வரும்வரை உன்னிடம் இருக்கிறது. எங்களிடம் ஜனவரி மாதக் கடைசியில் முகம் வெளிறி வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அந்தப் பங்கை அறியாமல் செலவழித்துவிட்டவர்கள்.

முதலில் தேதிகள். இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும். நீ 2025 மே மாதம் தொடங்கினாய், ஆகவே உன் முதல் ஆண்டு 2025-26. அது முடிந்தும் விட்டது. ஒரு வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமானத்தை நீயே படிவத்தில் கணக்குக் காட்டும் செல்ஃப் அசெஸ்மென்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும். உனக்குக் கடைசி நாள் 2026 அக்டோபர் 5. பதிவு செய்ததும் யு.டி.ஆர் என்று 10 இலக்க வரி அடையாள எண் ஒன்று வரும். அதைப் பத்திரமாக வை. "உங்களுக்கு வரிப்பணம் திரும்ப வரவேண்டியிருக்கிறது" என்று வரும் குறுஞ்செய்திக்கெல்லாம் அந்த எண்ணைத் தட்டி அனுப்பிவிடாதே. படிவத்தை ஆன்லைனில் அனுப்பவும் பணம் கட்டவும் 2027 ஜனவரி 31 கடைசி. படிவம் ஒரு நாள் தாமதித்தாலும் 100 பவுண்ட் அபராதம், வரி ஒரு பென்ஸ்கூட இல்லாவிட்டாலும் சரி. மூன்று மாதம் தாண்டினால் நாளுக்கு 10 பவுண்ட் வீதம் ஏறும்.

அந்த 1,000 பவுண்ட் மொத்த வரவைக் குறிக்கிறது. லாபத்தை அல்ல. ஆப் மூலம் வரும் வேலைகளில் இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நாய்க்காரர் 15 பவுண்ட் கட்டி, ஆப் அதில் 3 பவுண்ட் கமிஷன் எடுத்து உனக்கு 12 அனுப்பினால், உன் வரவு 15. அந்த 3 பவுண்டைச் செலவுப் பக்கத்தில் எழுது. 2024 ஜனவரி முதல் இந்த ஆப் நிறுவனங்கள் தங்கள் மூலம் வேலை செய்பவர்களின் வருமான விவரத்தைச் சேகரித்து எச்.எம்.ஆர்.சி-க்குத் தரவேண்டும் என்பது சட்டம். உன் புத்தகத்தில் ஒரு தொகையும் அவர்கள் அனுப்பியதில் இன்னொரு தொகையும் இருந்தால் கடிதம் உனக்குத்தான் வரும்.

இனி உன் ஆண்டைப் போட்டுப் பார்ப்போம். நீ சொன்னதை வைத்து வரவு 24,000 பவுண்ட், செலவு 4,000 என்று வைத்துக்கொள்வோம். லாபம் 20,000. முதல் 12,570-க்கு வரி கிடையாது. மிச்சம் 7,430-க்கு 20 சதவீதம், அதாவது 1,486 பவுண்ட். அதே 7,430-க்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற அரசு சமூகக் காப்பீட்டுச் சந்தாவில், சுயதொழிலுக்கான நான்காம் வகுப்பு 6 சதவீதம், 445 பவுண்ட் 80 பென்ஸ். இரண்டும் சேர்ந்து 1,931 பவுண்ட் 80 பென்ஸ்.

பரவாயில்லையே என்று தோன்றும். இரு. ஜனவரி 31 அன்று நீ கட்டப்போவது அது மட்டும் இல்லை. பில் 1,000 பவுண்டுக்கு மேல் போனால், அடுத்த ஆண்டுக்கு முன்பணமாக அதில் பாதியையும் அதே நாளில் கேட்பார்கள். பேமெண்ட்ஸ் ஆன் அக்கவுண்ட் என்று இதற்குப் பெயர். ஆக 1,931.80-உடன் 965.90 சேர்ந்து 2,897 பவுண்ட் 70 பென்ஸ். ஜூலை 31-இல் இன்னொரு 965.90. முதல் ஆண்டுக்காரர்கள் எல்லாரும் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான். முன்பணம் வீணாகாது, அடுத்த ஆண்டு பில்லில் கழியும். அந்த ஆண்டு வருமானம் குறையும் என்று தெரிந்தால் முன்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஆசைப்பட்டு அளவுக்கு மேல் குறைத்தால் வித்தியாசத்துக்கு வட்டி போடுவார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். இன்றைக்கே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திற. எந்தப் பணம் வந்தாலும், வந்த அன்றே அதில் 20 சதவீதத்தை அங்கே தள்ளு. மேலே போட்ட கணக்கில் அது ஆண்டுக்கு 4,800 பவுண்ட் ஆகும். ஜனவரி, ஜூலை இரண்டையும் கட்டிவிட்டு மீதியும் இருக்கும். கடந்த ஆண்டுக்கு நீ அப்படி ஒதுக்கவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்தது. அதற்கு இன்னும் ஜனவரி வரை நேரம் இருக்கிறது, இப்போது ஆரம்பித்தாலும் எட்டிப்பிடிக்கலாம். அப்படியும் முழுத்தொகை சேராவிட்டால் பயந்துபோய்ப் படிவத்தை அனுப்பாமல் இருந்துவிடாதே. படிவத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டு, தவணையில் கட்டுகிறேன் என்று ஆன்லைனிலேயே கேட்கலாம். வட்டி உண்டு, ஆனால் ஓடி ஒளிவதைவிட மலிவு.

வரவை எழுதுவதில் உன் தொழிலுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. வங்கியில் பணம் போடுகிறவர்கள் தங்கள் பெயரை எழுதாமல் நாயின் பெயரை எழுதுவார்கள். "பெல்லா ஜூன்", "ஆல்ஃபி 4 வாக்" என்று வரும். இரண்டு பெல்லா இருந்தால் முடிந்தது கதை. ஆறு மாதம் கழித்து எந்த பெல்லா என்று உனக்கே நினைவிருக்காது. தேதி, நாயின் பெயர், சொந்தக்காரர் பெயர், எத்தனை நடை, எவ்வளவு பணம், வங்கியா கையிலா என்று ஒரே வரியில் அன்றன்றே எழுது. எக்ஸெல் போதும். கையில் தந்த பணமும் வரவு. கிறிஸ்துமஸுக்கு உறையில் வைத்துத் தரும் டிப்ஸும் வரவுதான். நடையை ரத்து செய்தவர் கட்டும் பாதிக் கட்டணமும் அப்படியே. உன்னைப் போன்றவர்களுக்கு 2024-25 முதல் கேஷ் பேசிஸ்தான் இயல்பான முறை: பணம் கைக்கு வந்த நாளே வரவு நாள். ஏப்ரல் 3-இல் ஒருவர் மே மாதத்துக்கும் சேர்த்து முன்கூட்டிக் கட்டினால் அது பழைய ஆண்டில் போகும். அவருக்குத் திருப்பித் தந்தால், தந்த நாளில் கழித்துக்கொள்.

செலவில் பெரியது வண்டி. பெட்ரோல் ரசீதுகளைச் சேர்த்துவைத்து சொந்த உபயோகம் எவ்வளவு, தொழிலுக்கு எவ்வளவு என்று மல்லுக்கட்டுவதைவிட மைல் கணக்கு சுலபம். முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். ஆண்டுக்கு 6,000 மைல் என்றால் 2,700 பவுண்ட். பெட்ரோல், வண்டி இன்ஷூரன்ஸ், ரிப்பேர், எம்.ஓ.டி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். இன்னொரு தடவை எழுதக்கூடாது. பார்க்கிங் கட்டணம் தனியாக எழுதலாம், பார்க்கிங் அபராதம் எழுதக்கூடாது. ஒரு வண்டிக்கு இந்த முறையைத் தொடங்கிவிட்டால் அந்த வண்டி இருக்கும்வரை இதே முறைதான். இதற்கு ஆதாரம் உன் நோட்டு. எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மைல் என்று இல்லாவிட்டால் 6,000 என்பது வெறும் வாய்ச்சொல். கடந்த ஆண்டுக்கு நோட்டு இல்லை என்றால் உன் புக்கிங் காலண்டரையும் மேப்பையும் வைத்து இந்த வாரமே எழுதி எடு.

மற்றவை சின்னச் சின்னவை: கழிவுப் பைகள், கயிறு, ஹார்னெஸ், நாய்களுக்குத் தரும் தின்பண்டம், துடைக்கிற துண்டு, மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், சாவி தொலைந்தால் காப்பீடு, நாய் முதலுதவி வகுப்பு, போன் பில்லில் தொழிலுக்கான பங்கு. உன் சொந்த நாய்க்கு வாங்கும் சாப்பாடு வராது. அது தினமும் வாடிக்கையாளர் நாய்களோடு சேர்ந்து நடந்தாலும் அது உன் நாய்தான். கோட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கடைக்குப் போகும்போதும் மாட்டிக்கொள்ளக்கூடிய மழைக்கோட்டை நான் செலவில் எழுதமாட்டேன். உன் தொழிலின் பெயர் பொறித்த ஜாக்கெட் என்றால் எழுதுவேன். ஒரு செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் பயன்படும் போன் மாதிரியானவற்றில் தொழிலுக்கான பங்கைப் பிரித்துக் காட்ட முடிந்தால் அந்தப் பங்கை மட்டும் எழுதலாம். செலவு எதுவும் எழுதாமல் நேராக 1,000 பவுண்டைக் கழித்துக்கொள்ளும் வழியும் உண்டு. உனக்குச் செலவு 4,000 இருக்கும்போது அது நஷ்டம். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

விடுமுறைக்குப் போகிறவர்களின் நாய்களை இரவு உன் வீட்டில் தங்கவைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். நடைக்கு மட்டும் கூட்டிப்போவதற்கு நாடு முழுவதுக்குமான உரிமம் எதுவும் கிடையாது. ஆனால் பூங்காக்களில் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை நாய் கொண்டுபோகலாம் என்று கவுன்சில்கள், அதாவது உள்ளூர் நிர்வாகங்கள், வரம்பு வைப்பதுண்டு. வீட்டில் காசுக்குத் தங்கவைப்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் 2018-இல் வந்த விதிகளின்படி அதற்குக் கவுன்சிலிடம் உரிமம் வாங்கவேண்டும். உரிமக் கட்டணம் தொழில் செலவு. உரிமம் இல்லாமல் ஆரம்பித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

உன் நண்பன் ஒருவன் கையில் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு கணக்கில் காட்டுவதில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றாய். நேர்மை பற்றி உனக்கு நான் வகுப்பெடுக்கப்போவதில்லை. நீ வீடு வாங்க ஆசைப்படுகிறாய். வங்கிக்குப் போனால் சுயதொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு கேட்கமாட்டார்கள், பொதுவாக இரண்டு ஆண்டு வரிப் படிவக் கணக்கைக் கேட்பார்கள். அதில் இருக்கும் லாபத்தை வைத்துத்தான் கடன். மறைத்த பணம் அங்கே கணக்கில் வராது. ஓய்வூதியமும் அப்படித்தான். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு நேஷனல் இன்ஷூரன்ஸ் வேண்டும். 2025-26-இல் லாபம் 6,845 பவுண்டோ அதற்கு மேலோ காட்டினால் அந்த ஆண்டு உன் கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும். குறைவாகக் காட்டினால், வாரத்துக்கு 3.50 பவுண்ட் நீயாகக் கட்டினால்தான் சேரும்.

இன்னொரு மாற்றமும் வருகிறது. மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல் என்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் மூலம் கணக்கு அனுப்பும் முறை. மொத்த வரவு 50,000 பவுண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இந்த 2026 ஏப்ரலில் தொடங்கியாயிற்று. 2027 ஏப்ரலில் 30,000-க்கு மேல், 2028 ஏப்ரலில் 20,000-க்கு மேல். இங்கேயும் பார்ப்பது மொத்த வரவைத்தான், ஆகவே 2028-இல் நீ உள்ளே வந்துவிடுவாய். இப்போதே வாரா வாரம் எழுதும் பழக்கம் இருந்தால் அது உனக்கு ஒரு பொருட்டே இல்லை. 90,000 பவுண்டில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வருகிறது என்பதைப் பற்றி இப்போது கவலைப்படாதே. அவ்வளவு நாயை நீ ஒருவனாக நடத்த முடியாது.

முதல் படிவத்தை நானே போட்டுத் தந்துவிடுவேன் என்று நீ எதிர்பார்ப்பது தெரியும். மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நீ போடு, நான் பார்க்கிறேன். நீ காய்ச்சலில் படுத்தால் எத்தனை வாரம் தாங்கும், கட்டணத்தை எப்போது உயர்த்தலாம், எந்த வாடிக்கையாளரை விடலாம் என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. அது என் தலையில் இருந்து உனக்கு என்ன பயன்? பிறகு நேரமில்லை என்றால் ஒரு கணக்காளரிடம் கொடு, தொழில் கணக்குக்காக அவருக்குத் தரும் கூலியும் செலவில் போகும்.

ரசீதுகளை ஷூ டப்பாவில் போடாதே, வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து மாத வாரியாகப் போட்டு வை. 2025-26 ஆண்டுக் கணக்கை 2032 ஜனவரி 31 வரை வைத்திருக்கவேண்டும்.

இந்த மாதம் பதிவு, சேமிப்புக் கணக்கு, மைல் நோட்டு மூன்றையும் முடி. அடுத்த மாதம் நான் லீட்ஸுக்கு வரும்போது லேப்டாப்பும் வங்கி ஸ்டேட்மென்டும் எடுத்து வை. யு.டி.ஆர் வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, எண்ணை அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா